செடி டாக்டர்!

குட்டீஸ், முழு ஆண்டுப் பரீட்சை முடிந்ததும் தாத்தா பாட்டி ஊருக்குப் போவீர்கள்தானே? உங்கள் தாத்தா ஊர், கடலூர் மாவட்டத்தில் விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற கம்மாபுரம் என்று வைத்துக்கொள்வோம். விருத்தாசலம் என்றதும் பெரியவர்களுக்குப் பழமலைநாதர் கோயிலும், பீங்கான் சாமான்களும் ஞாபகத்துக்கு வரும். கோடை விடுமுறைக்கு அந்தப் பக்கம் போய் வந்த பிள்ளைகளுக்கு ஞாபகம் இருப்பது வேறு ஒன்று... மல்லாட்டை!

அதுதான் நம் நிலக்கடலை. அந்தப் பக்கத்தில் மணிலா என்பார்கள், மல்லாட்டை என்பார்கள். மார்கழியில் விதைத்த மணிலாவைப் பங்குனி, சித்திரையில் பிடுங்குவார்கள். பாட்டிகள் நிழலில் உட்கார்ந்து காய் ஆய்வார்கள். பச்சைக் காயை அலசி, உப்புப் போட்டு வேகவைத்துத் தின்றால்... அடடா! விருத்தாசலத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கிறது. அங்கே உருவாக்கிய நிலக்கடலை ரகங்களுக்கு ஊர்ப் பெயரைச் சுருக்கி 'வி.ஆர்.ஐ.' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

மணிலா பிடுங்கிய கொல்லையில், கிணற்றில் தண்ணீர் இருந்தால் தாத்தா சும்மா இருக்கமாட்டார். ஓர் ஓரமாகப் பாத்தி கட்டி வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை போடுவார். வேலியில் பாகலும் புடலையும் ஏற்றிவிடுவார். கோடை முழுக்க வீட்டுக்குக் காய் ஆகும். விற்றால் கைச்செலவுக்கும் ஆகும்.

மணிலா போடு, வீட்டைச் சுற்றிக் காய்கறி போடு. இதில் என்ன பெரிய விஷயம் என்கிறீர்களா? இந்த இரண்டையும் சொல்வதற்காகவே ஒருவர் தன் வாழ்நாளில் 46 ஆண்டுகளைச் செலவழித்திருக்கிறார், குட்டீஸ். ஊர் ஊராக, கழுதை வண்டி கட்டிக்கொண்டு போய்ச் சொல்லியிருக்கிறார். அவர் ஒரு விஞ்ஞானி. பிறக்கும்போது அடிமை. பெயர், ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர்.

அமெரிக்காவில் மிசௌரி என்று ஒரு மாநிலம். அங்கே டைமண்ட் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் மோசஸ் கார்வர், சூசன் கார்வர் என்ற வெள்ளைக்காரத் தம்பதிக்கு ஒரு பண்ணை இருந்தது. அந்தப் பண்ணையில் மேரி என்ற கறுப்பினப் பெண் அடிமையாக இருந்தார். ஆடு மாடு வாங்குவதுபோல, 700 டாலர் கொடுத்து அவரை வாங்கியிருந்தார் மோசஸ். மேரியின் மகன்தான் ஜார்ஜ். பிறந்தது 1864-ஆம் ஆண்டு வாக்கில். அடிமைகளின் பிறந்த தேதியை யார் எழுதி வைப்பார்கள்? அதனால், தன் பிறந்தநாள் எது என்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை!

அது உள்நாட்டுப் போர் நடந்த காலம். அடிமை முறை வேண்டும் என்று ஒரு பக்கம், வேண்டாம் என்று ஒரு பக்கம். போர்க் குழப்பத்தில் கொள்ளைக் கூட்டங்கள் பண்ணைகளில் புகுந்து அடிமைகளைத் திருடிக்கொண்டு போய் வேறு ஊரில் விற்றன. ஒரு நாள் இரவு அப்படி ஒரு கூட்டம் மேரியையும் கைக்குழந்தை ஜார்ஜையும் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

மோசஸ் ஆள் அனுப்பித் தேடினார். போன ஆள் குழந்தையோடு மட்டும் திரும்பி வந்தார். குழந்தைக்குக் கக்குவான் இருமல், உயிர் ஊசலாடிக்கொண்டிருந்தது. மீட்டுக்கொண்டு வந்ததற்குக் கூலியாக மோசஸ் தன் பந்தயக் குதிரையைக் கொடுத்தார். அம்மா மேரி என்ன ஆனார் என்பது யாருக்கும் தெரியவே இல்லை. பெரியவரான பிறகும், அம்மா நூல் நூற்ற ராட்டையைக் கார்வர் பத்திரமாக வைத்திருந்தார். அவ்வளவுதான் அவருக்குக் கிடைத்த அம்மா.

1865-இல் அடிமை முறை ஒழிந்தது. பிள்ளையில்லாத மோசஸும் சூசனும் ஜார்ஜையும் அவன் அண்ணன் ஜிம்மையும் வீட்டோடு வைத்து வளர்த்தார்கள். ஜிம் நல்ல திடமான பையன். வயல் வேலைக்குப் போனான். ஜார்ஜ் நோஞ்சான். அடிக்கடி இருமல். குரலே கீச்சுக் குரலாகிவிட்டது. அதனால் அவனை சூசன் அம்மாள் வீட்டிலேயே நிறுத்திக்கொண்டார். சமையல், துணி துவைப்பது, தையல், பின்னல், வீட்டுத் தோட்டம். ஆம்பிளைப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று நினைக்காதீர்கள். பின்னால் அவனுக்குச் சோறு போட்டதே இந்த வேலைகள்தான்!

சூசனின் காய்கறித் தோட்டத்தில்தான் ஜார்ஜுக்குச் செடிகள் சிநேகிதர்கள் ஆயின. எந்தச் செடிக்கு எவ்வளவு தண்ணீர், எதற்கு நிழல், எந்தப் பூச்சி எந்த இலையைத் தின்கிறது... எல்லாவற்றையும் உட்கார்ந்து கவனிப்பான். வீட்டுக்குப் பக்கத்துக் காட்டில் ரகசியமாக ஒரு குட்டித் தோட்டமும் வைத்திருந்தான். வாடிப்போன செடிகளை அங்கே கொண்டுபோய் நட்டு, மண்ணை மாற்றி, இடத்தை மாற்றிப் பிழைக்க வைப்பான். விஷயம் அக்கம்பக்கத்தில் பரவியது. வீட்டில் ரோஜா வாடினால் ஜார்ஜைக் கூப்பிட ஆள் வந்தது. அவனுக்கு ஊர் வைத்த பெயர்தான், செடி டாக்டர்!

டாக்டர் பட்டம் சீக்கிரம் கிடைத்துவிட்டது. பள்ளிக்கூடம்தான் கிடைக்கவில்லை. உள்ளூர்ப் பள்ளியில் கறுப்புப் பிள்ளைகளுக்கு இடமில்லை. கறுப்பினப் பிள்ளைகளுக்கான பள்ளி 13 கிலோமீட்டர் தள்ளி நியோஷோ என்ற ஊரில் இருந்தது. சுமார் 12 வயதில் ஜார்ஜ் தனியாக நடந்து போனான். முதல் ராத்திரி ஒரு மாட்டுக் கொட்டகையில் படுத்துத் தூங்கினான். காலையில் பார்த்தால், அது மரியா வாட்கின்ஸ் என்ற அம்மாளின் கொட்டகை. அவருக்கும் பிள்ளைகள் இல்லை. ஜார்ஜை வீட்டிலேயே சேர்த்துக்கொண்டார். பள்ளி பக்கத்து மனையில். இடைவேளை மணி அடித்ததும் வேலி தாண்டி ஓடி வந்து கொஞ்சம் துணி துவைப்பான். மணி அடித்தால் மறுபடியும் வேலி தாண்டுவான்!

அதுவரை அவன் தன்னைக் கார்வரின் ஜார்ஜ் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தான். யாருடைய பொருள் என்று சொல்வதுபோல! இனி ஜார்ஜ் கார்வர் என்று சொல் என்று திருத்தியவர் மரியா அம்மாள்தான். எவ்வளவு முடியுமோ அவ்வளவு படி, படித்ததை நம் ஜனங்களுக்குத் திருப்பிக் கொடு என்றும் அவர் சொல்லிவைத்தார். (நடுவில் இருக்கும் வாஷிங்டன் எப்படி வந்தது தெரியுமா? பின்னால் இருந்த ஊரில் இன்னொரு ஜார்ஜ் கார்வர் இருந்தார். கடிதங்கள் மாறி மாறிப் போயின. குழப்பம் தீர, இவர் நடுவில் ஓர் எழுத்தைச் சேர்த்துக்கொண்டார். அது வாஷிங்டன் ஆகிவிட்டது!)

நியோஷோ ஆசிரியருக்குத் தெரிந்ததை எல்லாம் ஜார்ஜ் சீக்கிரமே கற்றுவிட்டார். அதன் பிறகு கான்சாஸ் மாநிலத்தில் ஊர் ஊராகத் திரிந்தார். ஓர் ஊரில் சமையல், ஓர் ஊரில் சலவை. கிடைத்த காசில் படிப்பு. அப்படியே உயர்நிலைப் பள்ளியை முடித்தார். 1885-இல் ஹைலேண்ட் என்ற ஊரில் இருந்த கல்லூரிக்குத் தபாலில் விண்ணப்பம் போட்டார். இடம் உண்டு என்று பதில் வந்தது!

இருந்ததை எல்லாம் செலவழித்து அந்த ஊருக்குப் போனார். கல்லூரித் தலைவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். விண்ணப்பத்தில் தோலின் நிறம் தெரியவில்லை அல்லவா? கறுப்பர்களைச் சேர்ப்பதில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? அழுதிருப்பீர்கள், இல்லையா? ஜார்ஜும் மனம் உடைந்துதான் போனார். கல்லூரியே வேண்டாம் என்று ஐந்து வருடம் இருந்துவிட்டார். கான்சாஸின் மேற்கே, மரமே இல்லாத புல்வெளியில் அரசாங்கம் கொடுத்த நிலத்தில் குடியேறினார். அங்கே வீடு கட்ட மரம் ஏது? புல்லோடு சேர்த்து மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டி, அதை அடுக்கிச் சுவர் எழுப்பினார். 17 ஏக்கர் நிலத்தை உழுது மக்காச்சோளமும் காய்கறிகளும் போட்டார். கோடையில் வறட்சி, குளிரில் பனிப்புயல். ஒரு சின்னக் குடியானவன் என்ன பாடுபடுகிறான் என்பதை அவர் புத்தகத்தில் படிக்கவில்லை, பட்டே தெரிந்துகொண்டார்.

1890-இல் அயோவா மாநிலத்தில் சிம்ப்சன் கல்லூரி அவரைச் சேர்த்துக்கொண்டது. அவர் அங்கே சேர்ந்தது எதற்கு என்று நினைக்கிறீர்கள்? ஓவியம் படிக்க! பிரமாதமாக வரைவார். அவர் வரைந்த கள்ளிச்செடி ஓவியம் 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்குப் போய்ப் பாராட்டும் பெற்றது. (அதே 1893-இல் அதே சிகாகோவில்தான் நம் விவேகானந்தர் பேசினார், ஞாபகம் இருக்கிறதா?) அவர் வரைகிற செடிகளைப் பார்த்த ஓவிய ஆசிரியை எட்டா பட், இந்தப் பையனுக்குச் செடிகளைப் பற்றி இவ்வளவு தெரிந்திருக்கிறதே, இவன் விவசாயம் அல்லவா படிக்க வேண்டும் என்று நினைத்தார். அவருடைய அப்பா ஏம்ஸ் நகரில் இருந்த அயோவா வேளாண்மைக் கல்லூரியில் பேராசிரியர். அங்கே போகச் சொன்னார்.

1891-இல் அந்தக் கல்லூரியின் முதல் கறுப்பின மாணவர் ஆனார் கார்வர். 1894-இல் இளநிலைப் பட்டம். 1896-இல் முதுநிலைப் பட்டம். அங்கேயே ஆசிரியர் வேலையும் கிடைத்தது. நல்ல ஆய்வுக்கூடம், கண்ணாடி வேய்ந்த செடி வீடு, மரியாதை எல்லாம் இருந்தன. இனி என்ன குறை?

அப்போதுதான் தெற்கே இருந்து ஒரு கடிதம் வந்தது.

அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்ற ஊர். அங்கே கறுப்பினப் பிள்ளைகளுக்காக 1881-இல் தொடங்கிய கல்வி நிலையம் ஒன்றை புக்கர் டி.வாஷிங்டன் நடத்தி வந்தார். அவரும் அடிமையாகப் பிறந்தவர்தான். எங்கள் ஜனங்கள் வறுமையில் கிடக்கிறார்கள், வந்து விவசாயம் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்டு எழுதியிருந்தார். கார்வருக்கு மரியா அம்மாள் ஞாபகத்துக்கு வந்திருக்க வேண்டும். 1896 அக்டோபரில் டஸ்கீகி போய்ச் சேர்ந்தார்.

போய்ப் பார்த்தால்... ஆய்வுக்கூடம் இல்லை. ஒரு கருவிகூட இல்லை. அவர் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு குப்பைமேட்டுக்குப் போனார்! உடைந்த பாட்டில், பழைய சட்டி, கம்பி, தகரம் என்று பொறுக்கி வந்தார்கள். பாட்டிலின் கழுத்தை வெட்டிக் குடுவை செய்தார்கள். மை பாட்டிலில் திரி போட்டு அடுப்பு. தேநீர்க் கோப்பை, மருந்து அரைக்கிற கல்வம் ஆனது. ஆய்வுக்கூடம் தயார்!

இனிமேல்தான் கதையின் முக்கியமான இடம், குட்டீஸ். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அலபாமாவில் எங்கு பார்த்தாலும் பருத்தி. அடிமை முறை ஒழிந்தாலும் நிலம் பழைய முதலாளிகளிடம்தான் இருந்தது. கறுப்பினக் குடும்பங்கள் அந்த நிலத்தை வாரத்துக்கு உழுதன. விளைச்சலில் ஒரு பங்கு நிலக்காரருக்கு. விதை, ஏர், மாவு, உப்பு எல்லாம் கடனுக்குக் கடையில். பருத்தி எடுத்ததும் கடனைக் கழிக்க வேண்டும். கடன் தீர்ந்த வருடத்தை விட, தீராத வருடமே அதிகம். பருத்தியைக் காட்டினால்தான் கடன் கிடைக்கும் என்பதால், வீட்டு வாசற்படி வரைக்கும் பருத்தியே போட்டார்கள். ஒரு கத்தரிச்செடி வைக்க இடம் விடவில்லை!

அப்படியானால் சாப்பாடு? உப்புப் போட்ட பன்றிக் கொழுப்பு, மக்காச்சோள மாவு, வெல்லப்பாகு. மூன்றும் கடையில் வாங்கியது. காயும் இல்லை, கீரையும் இல்லை. இப்படியே வருடக்கணக்கில் சாப்பிட்டால் என்ன ஆகும்? தோல் வெடித்து, வயிறு கெட்டு, கடைசியில் புத்தியே தடுமாறும். பெலாக்ரா என்று அந்த நோய்க்குப் பெயர். அந்தக் காலத்தில் தெற்கு அமெரிக்க மாநிலங்களில் ஏராளமான ஏழைகள் அதனால் செத்தார்கள். நயாசின் என்ற வைட்டமின் குறைவதால் வருகிறது என்பது 1937-இல்தான் தெளிவானது. அந்த நயாசின் எதில் நிறைய இருக்கிறது தெரியுமா? நம் மல்லாட்டையில்!

மனிதர்கள் மட்டும் அல்ல, மண்ணும் நோயாளியாகக் கிடந்தது. ஒரே பயிரைத் திரும்பத் திரும்பப் போட்டதில் மண் சாரம் இழந்து வெறும் மணலாகிவிட்டது. மழை வந்தால் மேல்மண் அடித்துக்கொண்டு போனது. மண்ணுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும். அதுவும் காசில்லாமல் பார்க்க வேண்டும். கடை உரத்துக்கு ஏழை எங்கே போவான்?

செடி டாக்டர் என்ன செய்தார் தெரியுமா? பள்ளியின் சோதனை நிலத்துக்கு, சதுப்பு நிலத்துச் சேற்றையும், காட்டில் உதிர்ந்த இலைச் சருகையும், தொழுவத்து எருவையும் அள்ளிக் கொட்டினார். இது நமக்குப் புதிது இல்லை. நம் ஊரில் கோடையில் ஏரி வற்றியதும் வண்டல் மண்ணை வண்டி வண்டியாக அடித்துக் கொல்லையில் கொட்டுவார்களே, அதே வைத்தியம்தான்!

அடுத்தது, பயிரை மாற்றினார். பருத்திக்குப் பதிலாகக் காராமணி, சர்க்கரைவள்ளிக்கிழங்கு, நிலக்கடலை. இதில் காராமணியும் கடலையும் கெட்டிக்காரப் பயிர்கள். விடுமுறையில் மணிலா பிடுங்கும்போது வேரைப் பாருங்கள். கடுகு கடுகாக முடிச்சுகள் இருக்கும். நகத்தால் ஒன்றைக் கிள்ளிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், அந்த முடிச்சு வேலை செய்கிறது என்று அர்த்தம். அதற்குள் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் குடியிருக்கின்றன. செடி அவற்றுக்குச் சர்க்கரை கொடுக்கும். அவை காற்றில் இருக்கும் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உணவாக்கிக் கொடுக்கும். செடியின் வேரும் தழையும் மண்ணில் மட்கினால் அடுத்த பயிருக்கும் அதில் பங்கு உண்டு. மணிலா எடுத்த கொல்லையில் தாத்தா வெண்டை போடுகிற சூட்சுமம் இதுதான்!

மூன்றாவது, வீட்டுத் தோட்டம். பருத்தியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு, வீட்டைச் சுற்றிக் காய்கறி போடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கோடையின் தொடக்கத்தில் காய்ப்பதை அப்போதே சாப்பிடுங்கள், மிஞ்சியதை வெயிலில் காயவைத்தும் புட்டியில் அடைத்தும் குளிர்காலத்துக்கு வையுங்கள் என்றார். தோட்டத்தில் விளைகிற ஒவ்வொரு காயும், கடையில் ஏறாத ஒரு கடன் அல்லவா? சூசன் அம்மாளின் தோட்டத்தில் கற்றது இப்போது கைகொடுத்தது. பேராசிரியர் கோட்டுப் போட்டுக்கொண்டு வயலுக்கு வந்தவர், குடிசைப் பெண்களுக்குச் சமைத்தும் காட்டினார்!

ஆனால் சொன்னால் கேட்டுவிடுவார்களா? எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்கள். டஸ்கீகிக்கு வர வண்டிச் சத்தத்துக்குக்கூடக் காசு இல்லை. அவர்கள் பள்ளிக்கு வர முடியாவிட்டால், பள்ளி அவர்களிடம் போகட்டும் என்று 1906-இல் ஒரு நடமாடும் பள்ளியைக் கிளப்பினார்கள். மாரிஸ் ஜெசப் என்ற நியூயார்க் பணக்காரர் உதவியதால் அதற்கு ஜெசப் வண்டி என்று பெயர். கோவேறு கழுதைகள் இழுக்கிற வண்டி. அதற்குள் ஏர், விதை, உர வகைகள், வெண்ணெய் கடைகிற கருவி எல்லாம் இருக்கும். வண்டியில் என்னென்ன இருக்க வேண்டும் என்று திட்டம் போட்டவர் கார்வர். ஓட்டிப் போனவர் அவருடைய மாணவர் தாமஸ் கேம்ப்பெல். ஒரு குடியானவரின் வாசலில் நிறுத்தி, அவருடைய நிலத்திலேயே செய்து காட்டுவார்கள். அக்கம்பக்கம் கூடிவிடும்!

படிக்கத் தெரிந்தவர்களுக்காகச் சின்னச் சின்னப் புத்தகங்கள் போட்டார். மொத்தம் 40-க்கு மேல். புரியாத வார்த்தை ஒன்றும் இருக்காது. 1910-இல் வந்தது உங்களுக்கானது. கிராமத்துப் பள்ளிகளில் பிள்ளைகள் தோட்டம் போடுவது எப்படி என்று அதில் எழுதினார். 1916-இல் வந்ததில் நிலக்கடலையை 105 விதமாகச் சமைக்கச் சொல்லிக்கொடுத்தார். 1918-இல் தக்காளிக்கு 115 விதம்! நம் வீட்டில் ரசம், தொக்கு, சட்னி என்று எண்ணிப் பாருங்கள், எத்தனை வரும்?

இன்னொரு புத்தகம் மண்ணைப் பற்றியது. விருத்தாசலத்துப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். உங்கள் ஊர் களிமண் பீங்கான் ஆகிறது. அலபாமாவின் களிமண்ணிலோ சிவப்பு, மஞ்சள், வெள்ளை என்று பல நிறம். அதைக் கரைத்து வடிகட்டிச் சுவருக்கு வண்ணம் அடிக்கலாம் என்று 1911-இல் எழுதினார். சாயம் வாங்கக் காசில்லாத குடிசைகள், காலடி மண்ணாலேயே அழகாயின.

இதற்கு நடுவில் ஒரு பூச்சி வந்து சேர்ந்தது. நீளமூக்கு கூன்வண்டு ஒன்று மெக்சிகோ பக்கமிருந்து 1892 வாக்கில் டெக்சாஸுக்குள் நுழைந்தது. பருத்திக் காயைத் துளைத்து உள்ளே முட்டை வைக்கும். வருடத்துக்கு வருடம் கிழக்கே நகர்ந்து, 1910 வாக்கில் அலபாமாவையும் பிடித்துக்கொண்டது. பருத்தியை மட்டும் நம்பியவர்கள் திண்டாடிப் போனார்கள். அப்போதுதான் கடலை பக்கம் திரும்பினார்கள். என்டர்பிரைஸ் என்ற அலபாமா ஊர்க்காரர்கள் கடலையில் நன்றாகச் சம்பாதித்துவிட்டு, எங்களைப் பருத்தியிலிருந்து விடுவித்தாயே என்று 1919-இல் அந்த வண்டுக்குச் சிலையே வைத்துவிட்டார்கள். பூச்சிக்குச் சிலை... சிரிப்பாக இல்லை?

எல்லோரும் கடலை போட்டால் விலை இறங்கிவிடுமே! விளைந்ததை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று கார்வர் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்தார். பால், மாவு, எண்ணெய், சோப்பு, மை, சாயம், முகப்பூச்சு என்று பட்டியல் வளர்ந்தது. ஒருமுறை புக்கர் வாஷிங்டனுக்கும் விருந்தாளிகளுக்கும் விருந்து வைத்தார். சூப், ரொட்டி, கறி, ஐஸ்கிரீம், காபி என்று எல்லாம் இருந்தன. சாப்பிட்டு முடித்த பிறகுதான் சொன்னார், அத்தனையும் கடலை என்று!

ஒரு விஷயத்தைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். பல புத்தகங்களில், கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் கார்வர் என்று இருக்கும். அது தவறு. அவருக்கு முன்பே அது இருந்தது. அவர் 300 பொருள்கள் கண்டுபிடித்தார் என்பார்கள். அந்தப் பட்டியலில் சமையல் குறிப்புகள் நிறைய; ஏற்கெனவே பிறருக்குத் தெரிந்தவையும் உண்டு. கடைக்கு வந்து விற்றது மிகச் சில. அவர் வாங்கிய காப்புரிமை மூன்றே மூன்று. தெற்கு மாநிலங்கள் கடலைக்கு மாறியதற்கு வண்டும் ஒரு காரணம், உலகப் போரில் எண்ணெய்க்கு வந்த கிராக்கியும் ஒரு காரணம். இதனால் அவர் பெருமை குறைந்துவிடுமா என்ன? ஏழையின் வாசலில் போய் நின்று, இருப்பதைக் கொண்டு பசி தீர்க்கச் சொல்லிக்கொடுத்தாரே, அது எந்தப் பட்டியலிலும் வராது. எனக்கென்னவோ அதுதான் பெரிதாகத் தெரிகிறது.

1921-இல் வாஷிங்டன் நகரில், அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன் அவர் பேசப் போனார். வெளிநாட்டுக் கடலைக்கு வரி போட வேண்டும் என்று கடலை விவசாயிகள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவருக்குக் கொடுத்த நேரம் பத்தே நிமிடம். பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கடலைப் பால், கடலை மாவு, கடலை மிட்டாய்... முதலில் கேலி பேசியவர்களே, இன்னும் பேசுங்கள், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லும்படி ஆயிற்று. பேசி முடித்தபோது எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்த ஆண்டு வந்த சட்டத்தில் கடலைக்கு வரி போடப்பட்டது. நாடே அவரைத் திரும்பிப் பார்த்தது. ஆனால் அந்த நாளிலும் கறுப்பர்களுக்கு ஒதுக்கிய ரயில் பெட்டியில்தான் அவர் பயணம் செய்ய வேண்டியிருந்தது.

நம் நாட்டுக்கும் அவருக்கும்கூட ஒரு தொடர்பு உண்டு. காந்தியடிகளின் நண்பர் சி.எஃப்.ஆண்ட்ரூஸ் 1929-இல் டஸ்கீகிக்குப் போனார். அதன்பின் காந்திஜிக்கும் கார்வருக்கும் கடிதத் தொடர்பு ஏற்பட்டது. மரக்கறி உணவு பற்றிய தன் குறிப்புகளையும் புத்தகங்களையும் கார்வர் அவருக்கு அனுப்பிவைத்தார்.

காசு விஷயத்தில் கார்வர் ஓர் அதிசயப் பிறவி. சம்பளக் காசோலைகளை வங்கியில் போட மறந்து மேசை இழுப்பறையிலேயே வைத்திருப்பாராம். பல வருடம் பழசான கோட்டுதான். ஆனால் அதில் தினமும் ஒரு புதுப் பூ செருகியிருக்கும். விடியற்காலை 4 மணிக்கு எழுந்து காட்டுக்குள் நடக்கப் போவார். அப்போது பறித்த பூ. திருமணம் செய்துகொள்ளவில்லை. மாணவர் விடுதியிலேயே குடியிருந்தார். வயதாகி மாடி ஏற முடியாமல் போனபோது, நண்பர் ஹென்றி ஃபோர்டு (ஆமாம், கார் கம்பெனிக்காரர்தான்) அவருக்காக அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் வைத்துக் கொடுத்தார்.

1942-இல், இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. உணவுத் தட்டுப்பாடு. கார்வருக்கு 78 வயது இருக்கலாம். அப்போதும் ஒரு புத்தகம் போட்டார். களை என்று பிடுங்கி எறிகிற செடிகளில் எவையெல்லாம் சாப்பிடக்கூடிய கீரை என்று அதில் எழுதியிருந்தார். நம் பாட்டிகள் வரப்பில் நடந்துகொண்டே குப்பைக்கீரையும் பண்ணைக்கீரையும் பறித்து மடியில் கட்டிக்கொண்டு வருவார்களே, அதைத்தான் அவரும் சொன்னார்.

1943 ஜனவரி 5-ஆம் தேதி கார்வர் காலமானார். மாடிப்படியில் விழுந்ததிலிருந்து உடம்பு தேறவே இல்லை. சேர்த்து வைத்திருந்த சுமார் 60,000 டாலரை, டஸ்கீகியில் விவசாய ஆராய்ச்சி நடப்பதற்காகக் கொடுத்துவிட்டுப் போனார். புக்கர் டி.வாஷிங்டனின் சமாதிக்குப் பக்கத்திலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

அதே ஆண்டு ஜூலை மாதம், மிசௌரியில் அவர் பிறந்த பண்ணையை தேசிய நினைவிடம் ஆக்கியது அமெரிக்க அரசு. ஒரு கறுப்பினத்தவருக்காக அங்கே அமைந்த முதல் தேசிய நினைவிடம் அதுதான். 700 டாலருக்கு மேரியை வாங்கிய அதே பண்ணை. இப்போதும் பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலா போய்ப் பார்க்கிறார்கள். சின்ன ஓடை ஒன்று ஓடுகிறது. மரங்களுக்கு நடுவே நடந்து போனால், கார்வரின் சிலை இருக்கிறது. கோட்டுப் போட்ட பேராசிரியர் இல்லை. பாறையில் உட்கார்ந்திருக்கும் சின்னப் பையன். கையில் ஒரு செடி.